கேட்கும், கதைக்காது: திருமலையில் றேடியோ திருத்தும் தொழில்

"றேடியோ திருத்துற கடை இன்னும் இருக்கோ?" என்று திருகோணமலையில் ஒருவர் கேட்டால், அவருக்கும் கடலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் மனதில் இருப்பது அப்பாவின் தலைமாட்டில் கிடந்த பழைய ட்ரான்சிஸ்டர் செற். அது அநேகமாகப் போய்விட்டது, சரி. ஆனால் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் ஒரு பலநாள் படகின் சுக்கான் அறைக்குள் எட்டிப் பாருங்கள். கூரையோரம் கிட்டத்துப் படகுகளோடு கதைக்கும் வி.எச்.எஃப் செற் ஒன்று, அதற்குப் பக்கத்தில் தூரக் கடலுக்கான எஸ்.எஸ்.பி செற், கீழே ஜீ.பி.எஸ், மீன் பார்க்கும் திரை, இவை எல்லாவற்றிலிருந்தும் புறப்பட்டுப் பின்னிக்கொண்டு மேலே போகும் வயர்கள். வீட்டு அலமாரியில் குறைந்த றேடியோ இங்கே கூடியிருக்கிறது. திருத்துகிறவரின் வேலையும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

வேலை இடம் மாறியபோது பழுதும் இடம் மாறிவிட்டது. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. வீட்டு றேடியோவில் பழுது பெட்டிக்குள் இருந்தது. படகு றேடியோவில் அது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, பற்றரி முனைக்கும் அன்ரெனா நுனிக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. இன்று இந்தத் தொழிலில் யார் நிற்கிறார், யார் விட்டுவிட்டுக் கைபேசித் திரை மாற்றப் போகிறார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான்.

ஊருக்கு வானொலி அலைகள் புதிதல்ல. பிரித்தானியக் கடற்படை 1957-ல் துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் வரை, கம்பியில்லாத் தொடர்பு இல்லாமல் இந்தத் தளம் ஒரு நாள்கூட ஓடியிருக்க முடியாது. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவை வருவதை இங்கிருந்த ராடர் முன்கூட்டியே கண்டுகொண்டது. பிறகு 1984-ல் ஜேர்மனியின் டொய்ச்சே வெலே வானொலி மாவட்டத்தின் வடக்குக் கரையோரத்தில் தன் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கியது. அதன் மத்திய அலை ஒலிபரப்பியின் வலு 400 கிலோவாட். மீன்பிடிப் படகின் வி.எச்.எஃப் செற் 25 வாட். அதாவது பதினாறாயிரம் மடங்கு. அந்த நிலையம் 2013-ல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. இத்தனை பெரிய அலைகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஊரில், கடைமேசையில் கிடந்தது என்னவோ நாலு பற்றரி செற்றுகள்தான்.

அந்த மேசை வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது தேடும் புத்தி அங்கேதான் உருவானது. சத்தமே வராத ஒரு செற்றைத் திறந்ததும், கைதேர்ந்த பாஸ் (திருத்துகிறவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதலில் மீற்றரைத் தேட மாட்டார். வொலியூம் கொன்ட்ரோலின் நடுக்காலில் ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து, அதன் இரும்பில் விரலை வைப்பார். ஸ்பீக்கர் 'உர்ர்' என்று இரைந்தால் அந்தக் காலிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம். பழுது அதற்கு முன்னால். ஒரு விநாடியில் செற்றில் பாதி கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. அடுத்தது ஒசிலேற்றர், செற்றுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் பகுதி. சாதாரண மத்திய அலை செற் ஒன்றில் அது நாம் கேட்கும் அலைவரிசையைவிட 455 கிலோஹேர்ட்ஸ் மேலே ஓடும். பழுதான செற்றை 700-ல் நிறுத்திவிட்டு, நல்ல செற் ஒன்றைப் பக்கத்தில் வைத்து 1155-க்குத் திருப்பினால், அங்கே ஒரு நிலையம் இருந்தால் விசில் எழும்பும், இல்லாவிட்டால் இரைச்சல் சட்டென்று அடங்கும். இரண்டில் எது நடந்தாலும் ஒசிலேற்றர் உயிரோடு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி செய்யும் வேலையை இரவல் றேடியோ ஒன்று செய்துவிடும்.

அப்போது செய்தி என்றாலே றேடியோதான். இலங்கை வானொலி, இந்திய வானொலி, லண்டன் தமிழோசை என்று முள்ளை நகர்த்திக்கொண்டே இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். செற் பழுதானால் அன்று மாலையே கடைக்கு வரும். பிறகு எல்லாம் மெல்ல மெல்லக் கழன்றது. எஃப்.எம் நிலையங்கள் வந்தன. ஒரே ஐ.சி-யில் முழு றேடியோவையும் அடக்கிய மலிவுச் செற்றுகள் வந்தன. திருத்தும் கூலியைவிடப் புதுச் செற் மலிவு என்றானது. கைபேசி வந்தது. 1941-ல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றது. சிற்றலைக்காகவே செற் வைத்திருந்த கடைசி ஆட்களுக்கும் இனி அதைத் திருத்தக் கொடுக்கக் காரணம் இல்லை.

கடலில் கதை வேறு. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் தொழில் செய்யும் சின்னப் படகுகள் கைபேசியையே நம்பிப் போகின்றன. சிக்னல் எடுக்கும் வரைக்கும் அது பரவாயில்லை. ஆனால் கைபேசி ஒருவரைத்தான் கூப்பிடும், அவர் எடுத்தால்தான் உண்டு. வி.எச்.எஃப் 16-ஆம் சனலில், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸில், ஒருவர் கத்தினால் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும், கப்பலுக்கும், கரையில் காது கொடுத்திருப்பவருக்கும் சேர்த்துக் கேட்கும். எஞ்சின் நின்று நீரோட்டத்தில் இழுபடுகிற படகுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். என் அபிப்பிராயத்தில், சின்னப் படகுக்காரர் வி.எச்.எஃப் செற்றை வேண்டாத செலவு என்று நினைப்பதற்கு ஒரு காரணம், கைபேசியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் ஒரே வேலைக்கு உரியவை அல்ல.

ஆனால் வி.எச்.எஃப் நேர்கோட்டில் போகிறது. பூமி வளைந்திருப்பதால் அன்ரெனாவின் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கும். இரண்டு படகிலும் அன்ரெனா கடல்மட்டத்திலிருந்து 4 மீற்றர் உயரம் என்றால் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வரை கதைக்கலாம். கரையில் 100 மீற்றர் உயர மலையில் ஓர் அன்ரெனா இருந்தால் அதே படகோடு 49 கிலோமீற்றர் வரை எட்டும். 25 வாட்டை 50 வாட் ஆக்கினாலும் இந்தக் கணக்குப் பெரிதாக மாறாது. "பவர் கூடின செற் ஒண்டு எடுத்துத் தாங்கோ" என்று வருகிற சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், அந்தக் காசுக்கு அன்ரெனாவை இரண்டு மீற்றர் உயர்த்துங்கள் என்று சொல்லும் பாஸ் நேர்மையானவர். வியாபாரம் குறைவாகத்தான் நடக்கும்.

நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டிப் போகும் பலநாள் படகுக்கு வி.எச்.எஃப் போதாது. அங்கே எஸ்.எஸ்.பி. அதன் அலை வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. பகலில் கூடிய அலைவரிசை, இரவில் குறைந்த அலைவரிசை என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சில நேரம் 600 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள படகு தெளிவாகக் கேட்கும், 100 கிலோமீற்றரில் உள்ள படகு கேட்கவே கேட்காது. நேராகப் போகும் அலை அவ்வளவு தூரம் எட்டாது, மேலே போய்த் திரும்பும் அலை அந்த இடத்தைத் தாண்டித்தான் இறங்கும். இதைப் பழுது என்று நினைத்துக் கழற்றிக்கொண்டு வரப்படும் செற்றுகள் உண்டு. பாஸ் அவற்றைத் திறக்கவே கூடாது. இதே வகையில்தான் யாரும் கதைக்காதபோது இரைச்சலை அடக்கி வைக்கும் ஸ்குவெல்ச் குமிழ் முழுதாகத் திரும்பியிருப்பது, வலு 1 வாட்டுக்கு மாற்றப்பட்டிருப்பது, யாரோ மெனுவில் விளையாடி அமெரிக்கச் சனல் ஒழுங்குக்குக் கொண்டுபோய் விட்டிருப்பது எல்லாம். பழுதில்லாத பழுதுகள்.

சரி, உண்மையான பழுதுக்கு வருவோம். கடைக்கு வரும் முறைப்பாடுகளில் இது ஒரு வகை:

"அண்ணை, மற்ற ஆக்கள் கதைக்கிறது வடிவாக் கேக்குது. நாங்கள் கதைச்சா ஒருத்தருக்கும் விளங்குதில்லை. சில நேரம் செற்றே நூந்து போகுது."

"செற்றை மட்டும் கழட்டிக்கொண்டு வந்தா நான் என்ன செய்யிறது தம்பி? போட் எங்க நிக்குது?"

பாஸ் படகைக் கேட்பதில் காரணம் இருக்கிறது. செற் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 0.4 அம்பியர் அளவில்தான் கரண்ட் எடுக்கும். மைக்கை அமத்தியதும் 25 வாட் வெளியே போக வேண்டும், அதற்கு 5 அம்பியருக்கு மேல் வேண்டும். பற்றரிக்கும் செற்றுக்கும் இடையில் எங்காவது, பியூஸ் பிடியிலோ முறுக்கி ரேப் சுற்றிய மூட்டிலோ, உப்பேறி 0.3 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது அதில் இழப்பது 0.12 வோல்ற். யாருக்கும் தெரியாது. 5.5 அம்பியர் இழுக்கும்போது இழப்பு 1.65 வோல்ற். பற்றரியில் 12.2 இருந்தாலும் செற்றுக்கு வந்து சேர்வது 10.5. இவ்வகைச் செற்றுகள் பல 13.8 வோல்ற்றை மையமாக வைத்து, அதற்கு மேலும் கீழும் 15 வீதம் தாங்கும்படி செய்யப்பட்டவை. கீழ் எல்லை 11.7. அதற்குக் கீழே போனால் வலு குறையும், குரல் உடையும், கடைசியில் செற் தன்னைத்தானே நிறுத்தி மறுபடி தொடங்கும். மைக்கை விட்டதும் வோல்ற் ஏறிவிடும், செற் நல்ல பிள்ளையாகக் கேட்கத் தொடங்கும்.

இந்தச் செற்றைக் கடைக்குக் கொண்டுவந்து, நல்ல பவர் சப்ளையில் பொருத்தினால் ஒரு குறையும் இருக்காது. அனுபவம் இல்லாதவர் இங்கேதான் கெடுப்பார். எதையாவது மாற்ற வேண்டுமே என்று நல்ல செற்றின் கண்டென்சரைக் கழற்றிப் புதிதாக வைப்பார். வாங்கிப் போனவர் மறுநாள் அதே முறைப்பாட்டோடு வருவார். சரியான வழி, படகுக்குப் போய், செற்றின் பின்பக்க வயரில் மீற்றரை வைத்து, மைக்கை அமத்தியபடியே வோல்ற்றைப் பார்ப்பது. சும்மா இருக்கும்போது பார்த்த 12.2 எதையும் நிரூபிக்காது.

அடுத்தது அன்ரெனாக் கேபிள். கேபிளின் நுனியில் உள்ள பிளக்கைக் கழற்றினால் பல படகுகளில் உள்ளே பச்சை பூத்திருக்கும். சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டுவதில்லை, செம்போடேயே இருப்பது என்று விளக்குவார்கள். திருமலைக் கேபிள்களில் அது கொஞ்சம் வேறுமாதிரி. வெளியிலிருந்துதான் வருகிறது, சரியாக மூடாத அன்ரெனா மூட்டு வழியாக. உள்ளே இறங்கிய உப்புத்தண்ணீர், பின்னல் கம்பியின் இடுக்கு வழியாகத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல ஊர்ந்து கேபிளுக்குள் மீற்றர் கணக்கில் போகும். வெளியே கறுப்பு உறை பளபளவென்று புதிதாகத்தான் தெரியும். பாஸ் நுனியிலிருந்து ஒரு முழம் வெட்டுவார், உள்ளே பின்னல் கறுத்திருக்கும். இன்னொரு முழம் வெட்டுவார், இன்னும் கறுப்பு. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்ட வேண்டும். சில நேரம் முழுக் கேபிளும் போய்விடும், சம்மாட்டியின் முகமும் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றர். செற் அனுப்பும் வலுவில் எவ்வளவு அன்ரெனாவுக்குப் போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது சொல்லும். 1.5 காட்டினால் நூற்றுக்கு 4 வீதம்தான் திரும்புகிறது, கவலை இல்லை. 3 காட்டினால் கால் பங்கு திரும்பி வருகிறது. அது செற்றின் இறுதிக்கட்ட வலுப் பகுதியைச் சூடாக்கும். இப்போதைய செற்றுகள் தாமாகவே வலுவைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும், பழையவை எரிந்துபோகும். ஆனால் மீற்றரிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. தண்ணீர் குடித்த நீளமான கேபிள் போகும் வலுவையும் திரும்பும் வலுவையும் வழியிலேயே தின்றுவிடுவதால், மீற்றரில் எண் நன்றாகவே தெரியும். அன்ரெனாவே இல்லாமல்கூட 'நல்ல' எண் காட்டும் கேபிள்கள் உண்டு. நல்ல கேபிளே தின்னும். மெல்லிய ஆர்.ஜி.58 வகை 10 மீற்றரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலுவை விழுங்கிவிடும். எனவே கேபிளின் மேல் நுனியிலும் ஒருமுறை அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. ஆடுகிற படகில் கம்பத்தில் ஏறி அளப்பது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலில் மிகவும் ரசிக்கும் பகுதி இது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். உலர்ந்த உப்பில் கரண்ட் போகாது, கரைந்த உப்பில் போகும். இப்போது உப்புத்தூவல் படிந்த ஒரு சேர்க்கிற் போட்டை நினைத்துப் பாருங்கள். இரவில், விடியப்புறத்தில் கடலில் ஈரப்பதன் ஏறுகிறது. உப்புப் படலம் ஈரமாகி, கண்ணுக்குத் தெரியாத வயராக இரண்டு பாதைகளை இணைக்கிறது. சனல் தானாக மாறுகிறது, மைக்கை விட்ட பிறகும் செற் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் படலம் காய்கிறது. பதினொரு மணிக்குக் கடைமேசையில் அது ஊரிலேயே நல்ல செற்.

திருமலையில் இதற்குப் பருவமும் உண்டு. மே, யூன் தொடங்கி வீசும் கச்சான் காற்று தரையைத் தாண்டிச் சூடாக, உலர்ந்து வருவது. கச்சான் காலத்தில் உப்பேறிய செற்றும் பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். கடலும் அப்போது அமைதி. மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால் அங்கிருந்தும் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் செற்றைத் திறந்து கழுவச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வாடைக்காற்று தொடங்கி மழை வந்ததும், அதே செற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழப்படி செய்யும். படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்கள்தான் கடையில் ஆறுதலாக வேலை செய்யும் காலம். அப்போது சம்மாட்டியின் கையில் காசு இருக்காது என்பது வேறு விஷயம்.

மருந்து எளிது, கேட்பவர்தான் பதறுவார். கழுவ வேண்டும். உப்புத்தண்ணீரில் விழுந்த கைச் செற்றை, நம்மூர்ப் பேச்சில் வோக்கியை, எடுத்தவுடன் பற்றரியைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். "தண்ணிக்குள்ள விழுந்ததைத் திரும்பத் தண்ணிக்குள்ள போடவோ?" என்று கேட்பார்கள். செம்பைத் தின்பது உப்பு. வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போய் உப்பு உள்ளேயே நின்றுவிடும். கடையில் சேர்க்கிற் போட்டை வெளியே எடுத்து, வடிநீரில் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோபைல் அல்கஹோலில் அலசி, மெல்லிய சூட்டில் காயவைத்து, அதன் மேல் பாதுகாப்பு வார்னிஷ் பூசுவார்கள். திரை, ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்யலாம். கடலில் விழுந்து இரண்டு நாள் கழித்து, அரிசிக்குள் புதைத்து வைத்த பிறகு கொண்டுவரப்படும் செற்றுகளுக்குப் பெரும்பாலும் ஈமச்சடங்குதான்.

இப்போது புதிதாக ஒரு எதிரியும் சேர்ந்திருக்கிறது: எல்.ஈ.டி விளக்கு. மலிவான எல்.ஈ.டி விளக்குகளின் உள்ளே இருக்கும் சுவிட்சிங் சேர்க்கிற் வி.எச்.எஃப் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. இரவில் விளக்குப் போட்டுத் தொழில் செய்யும் படகில் இதன் விளைவு, தூரத்துக் குரல்கள் இரைச்சலுக்குள் அமிழ்ந்து போவது. செற் சத்தம்கூடப் போடாது, ஸ்குவெல்ச் அதை மூடி மறைத்துவிடும். சோதனை சின்னது: ஆள் இல்லாத சனலுக்குப் போய், ஸ்குவெல்ச்சை இரைச்சல் மட்டுமட்டாக அடங்கும் இடத்தில் நிறுத்தி, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எந்த விளக்கோடு இரைச்சல் திரும்ப வருகிறதோ அதுதான் குற்றவாளி. சோலர் சார்ஜரையும் இதே மாதிரிப் பார்க்க வேண்டும்.

மின்னல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடிமழை காலம். நேரடியாக விழுந்தால் எதுவும் மிஞ்சாது, பக்கத்தில் விழுந்தால் செற்றின் முன்வாசல் ட்ரான்சிஸ்டர் மட்டும் போகும். அப்படிப் போன செற் கதைக்கும், கேட்காது. தலைப்பில் சொன்னதற்கு நேர் எதிர்.

உதிரிப்பாகத்துக்குக் கொழும்பையே பார்க்க வேண்டியிருக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் வலு ட்ரான்சிஸ்டர்களில் போலி அதிகம். பழைய மலிவு உறுப்பின் மேலெழுத்தைச் சுரண்டிப் புதுப்பெயர் அடித்து வருபவை, 25 வாட்டுக்குப் பதில் 6 வாட் தந்துவிட்டு ஒரு மாதத்தில் செத்துப்போகும். 2022-ல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து, புதுச் செற் வாங்குவது பலருக்குக் கனவாகிப்போனது. அந்தக் காலம் திருத்துகிறவர்களுக்கு ஒரு வகையில் நல்ல காலம். கைவிட்ட செற்றுகள் அலமாரியிலிருந்து இறங்கி வந்தன. ஆனால் அவற்றுக்குப் போட உறுப்பும் இல்லை. செத்த மூன்று செற்றுகளிலிருந்து உயிருள்ள ஒன்றைச் செய்தார்கள். எந்தக் கடையிலும் ஒரு மூலையில் கிடக்கும் உடைந்த சேர்க்கிற் போட் குவியல் குப்பை அல்ல என்பது அப்போது வீட்டுக்காரர்களுக்கும் விளங்கியிருக்கும்.

எல்லாப் பெட்டியையும் திறக்க முடியாது. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆழ்கடலில் படகுகள் எங்கே தொழில் செய்கின்றன என்பதைக் கண்காணிக்காதது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன் பிறகுதான் பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாகி வந்தது, 2016 யூனில் தடையும் நீங்கியது. அந்தக் கருவி முத்திரையிட்டது. அதில் பாஸ் செய்யக்கூடியது வெளியிலிருந்து அதற்கு வரும் கரண்டைச் சரிபார்ப்பது மட்டும்தான். ஆபத்தில் 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதிக்குக் கூப்பிடும் மிதவைக் கருவியும் அப்படியே. சும்மா திறந்து பார்த்து அது தவறிக் கூப்பிட்டுவிட்டால் தேடுதல் பிரிவு எழும்பிவிடும்.

சட்டமும் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பதற்கு மட்டுமல்ல, திருத்துவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். செற் வைத்திருப்பவருக்கும் அலைவரிசை உரிமம் வேண்டும். யுத்த காலத்தை இந்தக் கரையில் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது கையில் வோக்கி இருந்தாலே கேள்வி வரும். இன்று நெருக்கடி இல்லை என்பதால் பலரும் இந்தக் கடதாசிகளைப் பெரிதாக எடுப்பதில்லை. அது சரியல்ல என்பது என் எண்ணம், ஏனென்றால் பத்திரம் உள்ள கடைக்குத்தான் நிறுவனங்களின் வேலையும் கப்பல் வேலையும் வரும். தொழில் கையில் இருந்து கடதாசி இல்லாதவர்கள், வகுப்புக்குப் போகாமலேயே, மதிப்பீட்டுக்கு இருந்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மூத்தவர்கள் குறைவு. "இந்த வயசில எனக்குச் சோதினையோ?" என்பார்கள்.

காசு விஷயம்தான் கடினமானது. படகுக்குப் போய், ஒன்றரை மணித்தியாலம் வயர் வயராகப் பார்த்து, பியூஸ் பிடி ஒன்றை மாற்றிவிட்டு வந்தால், சம்மாட்டி கொடுக்க நினைப்பது பியூஸ் பிடியின் விலையைத்தான். "பாக்கிறதுக்கும் காசோ?" வைத்தியருக்கு நாடி பிடித்துப் பார்க்கவே காசு கொடுக்கும் ஊரில் இது விசித்திரம். சில கடைகள் இப்போது படகுக்கு வருவதற்கு ஒரு தொகை, வேலைக்கு இன்னொரு தொகை என்று முன்பே சொல்லிவிடுகின்றன. சண்டை குறைந்திருக்கிறது, வாடிக்கையாளரும் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ இலத்திரனியல் படித்துவிட்டு வரும் பொடியனுக்கு ஈயம் வைக்கத் தெரியும், சேர்க்கிற் படம் வாசிக்கத் தெரியும். அது அடித்தளம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடை போட நினைத்ததும் அவன் முதலில் ஆசைப்படுவது அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்புக்கு. இந்த ஊரில் அந்தக் காசுக்கு நல்ல எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றர் ஒன்று, செற்றை அன்ரெனா இல்லாமல் பாதுகாப்பாகச் சோதிக்க 50 ஓம் போலிச் சுமை ஒன்று, உண்மையான வோல்ற் காட்டும் மல்ரிமீற்றர் ஒன்று, கேபிள் பிளக் ஒரு பெட்டி, மூட்டில் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப் நாலு சுருள் வாங்கலாம். மிச்சக் காசுக்கு மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு கொட்பேக்குப் போகலாம். ஒசிலோஸ்கோப் அடுத்த கச்சானுக்கு.